டயகமவில் ஒரு நம்பர், மூன்று பிள்ளைகள்

கடந்த பள்ளி விடுமுறையில் டயகம போனேன். ஊர் பார்க்க அல்ல, ஒரு போன் நம்பரின் சொந்தக்காரியைப் பார்க்க. மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் கூடிக் கணிதம் படிப்பதை, அதே குழுவில் சேர்ந்து ஆராய்கிறவள் நான். செல்வி என்பவளின் நம்பரிலிருந்து வரும் கேள்விகள் ஒருநாள் பயந்து நடுங்கும், மறுநாள் பாடம் நடத்தும் சேரையே மடக்கும். அவளும் அவள் அம்மாவும் சம்மதம் தந்திருந்தார்கள். 'ஒரு மாணவியின் வளர்ச்சி' என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன்.

ஹட்டனில் காலை எட்டரைக்கு பஸ் ஏறினேன். போய்ச் சேர இரண்டரை மணித்தியாலம். குடையில்லாமல் போகாதீர்கள், நான் தொப்பலாக நனைந்தேன். அங்கிருந்து செல்வி இருக்கும் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஓட்டோ அறுநூறு ரூபாய். "யாழ்ப்பாணமா மிஸ்? வாயத் தொறந்ததுமே தெரிஞ்சிருச்சு," என்று சிரித்தார் டிரைவர்.

செல்வி பிளேன்டீ தந்தாள். பக்கத்து வீட்டு மாலாவும் கௌசியும் வந்து நின்றார்கள். அத்தியாயத்தைக் காட்டி, "இந்தக் கேள்வியை எப்பிடி யோசிச்சனீர்?" என்று செல்வியிடம் கேட்டேன். அவள் மாலாவைக் கை காட்டினாள்.

"அது மாலா கேட்டதுங்க மிஸ். எங்க மூணு வீட்டுக்கும் நெட் உள்ள போன் இது ஒண்ணுதான். மூணு பேரும் இதுலதான் படிக்கிறோம்."

ஐயோ! மூன்று பேரை ஒருத்தியாக்கி, அவளை வளரவும் வைத்திருக்கிறேன். சம்மதம் கேட்டதோ ஒரு வீட்டில் மட்டும்.

கௌசி ஒரு வரியில் விரல் வைத்தாள். 'எனக்கு மட்டும்தான் மண்டையில ஏறல.' அவள் முகம் வாடிவிட்டது.

"இது நான் சொன்னது மிஸ். கூடப் படிக்கிறவங்ககிட்ட சொன்னது. எடுத்துருங்க."

"எடுக்கிறன். உம்மட்டக் கேக்காமல் விட்டது பிழைதான்."

"நீங்க பாக்குறீங்கன்னு செல்வி சொன்னதுல இருந்து, விளங்காட்டியும் 'விளங்கிருச்சு சேர்'னுதான் போடுறேன்."

அத்தியாயம் போனால் போகட்டும், ஒரு பிள்ளை கேள்வி கேட்பதையே நிறுத்தியிருக்கிறேனே!

போகிறவர்களுக்கு: மாலை நான்குக்குப் பிறகு திரும்பும் பஸ்ஸை நம்பாதீர்கள். ஆராயப் போகிறீர்கள் என்றால், எழுதத் தொடங்குமுன் நேரில் போய், ஒவ்வொரு போனிலும் யார் யார் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். நான் எழுதி முடித்துவிட்டுப் போனேன்.

ஹட்டன் ஸ்டேஷனில் காத்திருந்தபோது, சேர் குழுவில் ஒரு கணக்கை விளக்கினார். செல்வியின் நம்பரிலிருந்து உடனே பதில் வந்தது: "விளங்கிருச்சு சேர்."

குழுவிலிருந்து விலகினேன். அதன்பிறகாவது கௌசி கேட்டாளா? எனக்குத் தெரிய வழியில்லை.