வருஷத்தை மட்டும் மாற்றினால் போதும்

நடப்பதை எழுதுகிற பத்திரிகைக்காரனுக்குப் பாதி ஊர் பகை. நடந்து முடிந்ததை எழுதுகிறவனுக்கு முழு ஊரும் பகை. புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்தில், அங்கே ஒரு வாரப் பத்திரிகையில் உதவியாசிரியனாக இருந்தேன். 'அன்று இதே வாரம்' என்ற பகுதி என் பொறுப்பு. ஊரில் எந்தக் காலத்தில் எது நடந்திருந்தாலும், அதற்கு ஆண்டு நிறைவு கொண்டாடி நாலு வரி எழுத வேண்டும். வயிற்றுப்பாட்டுக்காக எதையாவது செய்து, அதற்காகவே யாரிடமாவது வாங்கிக் கட்டிக்கொள்கிற அன்பர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் இவற்றைச் சொல்கிறேன்.

செத்தவர்கள் சங்கதி

எங்கள் முதலாளி அச்சுக்கூடம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையும் நாடக நோட்டீசும் அடித்து வருவதில் இந்த வாரப் பத்திரிகை உயிர் வாழ்ந்தது. ஒருமுறை கடைவீதி ரஸ்தா குண்டும் குழியுமாக இருப்பதாக எழுதிவிட்டார். சர்க்காரில் கூப்பிட்டு அனுப்பி, ஆபீஸ் தாழ்வாரத்தில் அரைநாள் நிற்க வைத்தார்கள். பயந்துபோய் மறு வாரம், ரஸ்தா பிரமாதமாக இருக்கிறது என்று எழுதினார். கேலி செய்கிறாயா என்று மறுபடியும் கூப்பிட்டார்கள்.

திரும்பி வந்தவர் அன்றோடு நிகழ்காலத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். இனிமேல் பழைய நாள் சமாசாரங்களை மட்டும் எழுது என்று எனக்கு உத்தரவு. காரணமும் சொன்னார்: "செத்தவன் எவனும் படியேறி வந்து, ஏன்டா என்னப் பத்தி எழுதுனேன்னு கேக்க மாட்டான்யா."

எல்லோரும் ஏறிய ரயில்

செத்தவர்கள் வரவில்லைதான், உயிரோடு இருந்தவர்கள் விடவில்லை. ஊருக்கு ரயில் வந்த ஆண்டு நிறைவுக்கு, திருச்சியிலிருந்து வந்த முதல் வண்டியில் ஏறியவர் என்று ஒருவர் பெயரைப் போட்டேன். மறுநாள் காலையிலிருந்து படியில் ஆள் ஏறியபடியே இருந்தது. ஒவ்வொருவரும் அந்த வண்டியில் வந்தவர். ஒருவருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்ததாம். ஒருவருக்கு டிரைவர் சலாம் போட்டாராம். தான் சாப்பிட்டுக் கை கழுவும்வரை வண்டி நின்றதாகச் சொன்னார் ஒரு நகைக்கடைக்காரர். இவர்கள் அத்தனை பேரும் ஏறியிருந்தால், எஞ்சின் புதுக்கோட்டைக்கு வந்த பிறகும் வால் திருச்சியை விட்டுக் கிளம்பியிருக்காது.

கடைசியாக ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை ஒருவர் வந்தார். நீங்களும் அந்த வண்டியா என்று அலுத்துப்போய்க் கேட்டேன். அவர் பதறாமல் சொன்னார்: "நான் ஏறலைங்க. ஊர்ல ஏறாத ஆளு நான் ஒருத்தன்தான் மிச்சம்போல இருக்கு. எம்பேரப் போடுங்க, அதுக்குத்தான் இப்ப மதிப்பு."

நூல் கட்டிய வரி

அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர் சவரிமுத்து. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக்குவார். அச்சாகி முடிந்ததும் கலைத்து, அதனதன் அறையில் போடுவார். ஆண்டு நிறைவுப் பகுதியின் சௌகரியம் முதலில் அவருக்குத்தான் புரிந்தது. வருஷா வருஷம் வரப்போகிற வரியைக் கலைப்பானேன்? நூலால் சுற்றிக் கட்டிப் பலகையில் அடுக்கிவிட்டார். வாரம் வந்ததும் கட்டை இறக்கி, எத்தனை வருஷத்துக்கு முன் என்ற எண்ணைப் பிடுங்கிவிட்டு அடுத்த எண்ணைச் சொருகினால் தீர்ந்தது. சம்பளம் நான் வாங்கினேன். பகுதியை நடத்தியது நூல்கண்டு.

அந்தக் கட்டுகளில் ஒன்று வண்டிப்பேட்டைச் சந்து பற்றியது. அங்கே தண்ணீர் கிடையாது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரத்துக் குளத்துக்குப் போக வேண்டும். பொதுக் கிணறு வெட்டித் தருவதாக ஒரு பெரிய மனிதர் காரில் வந்து அஸ்திவாரக் கல் நாட்டினார். கிணற்றுக்கு மண்வெட்டி போதாதா, கல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நிர்வாகம் தெரியாது. மண்வெட்டிக்கு மாலை போட முடியுமா? பந்தல், மேளம், பன்னீர் எல்லாம் வந்து போயின. கல் மட்டும் நின்றது.

'வண்டிப்பேட்டைச் சந்தில் பொதுக் கிணற்றுக்கு அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது' என்று அடுத்த வருஷம் அதே வாரத்தில் போட்டோம். அதற்கு மறு வருஷம் அதே வரியை நான் எழுதிக்கொண்டு போனபோது, சவரிமுத்து தாளைக் கையால் தொடவில்லை. "எதுக்கு சார் வீணா எழுதுறீங்க? கெணறு வெட்டுனாத்தானே வேற எழுத்து வேணும். கட்டு அப்படியே இருக்கு."

பெண் வீட்டுக்கு ஒரு பிரதி

அந்தச் சந்தில் இருந்தவள்தான் சிகப்பாயி. காகிதம் நனைக்கவும் எழுத்துக் கழுவவும் அச்சுக்கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவாள். புருஷன் இல்லை. வண்டியோட்டுகிற மகன் ஒருவன், கருப்பையா. குடிக்க மாட்டான், உழைப்புக்கு அஞ்ச மாட்டான், ஆனால் அவனுக்குப் பெண்தான் கிடைக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் கிணறு எங்கே என்று கேட்பார்கள். பதிலைக் கேட்டதும் வெற்றிலைத் தட்டைத் தொடாமல் எழுந்துவிடுவார்கள். பெண்ணைப் பெற்றவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

எங்கள் வரியை வாசித்துக் காட்டியதும் சிகப்பாயிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு, குன்றாண்டார்கோவிலில் ஒரு பெண் வீட்டுக்குப் போனாள். கிணறு வரப்போவதற்கு அச்சில் வந்த அத்தாட்சி அல்லவா? அவர்களும் மதித்தார்கள். வந்து கல்லைப் பார்த்துவிட்டும் போனார்கள். கிணறு வெட்டட்டும், பேசலாம் என்றார்கள். மறு வருஷம் புதுப் பிரதியோடு போய் நின்றாள். பெண்ணின் தகப்பனார் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். "போன வருசமும் இதே தாளத்தானே ஆத்தா கொண்டாந்தீங்க. தண்ணி வந்துருச்சுன்னு போட்ட தாளக் கொண்டாங்க, எம்மவளக் கூட்டிக்கிட்டு நானே வாரேன்."

கரி பஸ்

உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் அடுப்புக் கட்டிக் கரியில் பஸ் ஓட்டினார்கள். கந்தர்வக்கோட்டைக்கு முதல் கரி பஸ் புறப்பட்ட ஆண்டு நிறைவை நான் மனமுவந்து எழுதினேன். பஸ் முதலாளிக்கு ஏகப் பெருமை. பத்திரிகையைப் பஸ்ஸுக்குள்ளேயே ஒட்டிவைத்தார். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும் என்பதை நாகரிகம் கருதி நான் விட்டிருந்தேன்.

ஒரு நாள் முந்திரிக்கொட்டை வியாபாரி ஒருவர் சட்டையெல்லாம் கரியாக எங்கள் வாசலில் வந்து நின்றார். செய்தியில் பிழை இருக்கிறது என்றார். என்ன பிழை என்று கேட்டேன். "பொறப்பட்ட நாளு சரிதாங்க. போய்ச் சேந்த நாளப் போடலையே?"

உண்மை எழுதிய குற்றம்

கிணற்று வரியில் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. முதலில் யாரும் கவனிக்காத வரி, எண் ஏற ஏற ஊருக்கே வேடிக்கையாகிவிட்டது. கல்லுக்கு இது எத்தனையாவது திவசம் என்று காபி கிளப்பில் கேட்டுக்கொண்டார்களாம். எதை எழுதினாலும் இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டு அனுப்புகிற சர்க்கார், இந்த ஒரு வரிக்கு எழுந்து நடந்தது. ஓர் அதிகாரி நேரில் வந்துவிட்டார்.

முதலாளியின் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார், முதலாளி நின்றார். இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார். கல் நாட்டினார்கள் என்று அர்த்தம் என்றேன். நாட்டியது பொய்யா என்று முதலாளி பணிவாகக் கேட்டார். இல்லையாம். வாரம் தவறா? அதுவும் இல்லையாம். வேண்டுமானால் பெரிய மனிதரைப் புகழ்ந்து இரண்டு வரி சேர்க்கிறோம் என்றார் முதலாளி. அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. இனிமேல் கல் நாட்டியதைப் போடுவதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டு எழுந்தவர், வாசலில் திரும்பிச் சொன்னார்: "நீங்க எழுதினதுல ஒரு பொய் இருந்திருந்தா மன்னிச்சு விட்டிருப்பேன். ஒண்ணுகூட இல்லைங்கறதுதான் எனக்குக் கோபம்."

கல் புறப்பாடு

வாக்கை அதிகாரி அவ்வளவாக நம்பவில்லை போலிருக்கிறது. சில நாளில் வண்டியும் மாடும் கடப்பாரையும் ஆட்களும் மேற்பார்வைக்கு ஒருவருமாக வண்டிப்பேட்டைச் சந்துக்குள் நுழைந்தார்கள். கிணறு வெட்டத்தான் வந்துவிட்டார்கள் என்று பெண்களெல்லாம் ஓடிவந்து பார்த்தார்கள். வந்தவர்கள் கல்லைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கல்லே இல்லாவிட்டால் ஆண்டு நிறைவு ஏது? கிணறு வெட்டுவதைவிடச் சுலபமான வழி. சொன்ன வேலையைச் சொன்ன நாளில் சுத்தமாக முடித்ததை அந்தச் சந்து அன்றுதான் பார்த்தது.

அன்று சிகப்பாயி குடத்தை இறக்கிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். எங்கள் வரியால்தான் கல் போயிற்று என்பது அவளுக்கும் தெரியும். எங்கள்மேல் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவள் கோபப்படவில்லை. "தாள நம்பலேன்னா கல்லப் பாருங்கன்னு கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டுவேங்க. இப்ப எதக் காட்டி எம்மவனுக்குப் பொண்ணு கேப்பேன்?"

கந்தர்வக்கோட்டை மாப்பிள்ளை

அடுத்த வருஷம் அதே வாரத்தில், சவரிமுத்து கட்டை அவிழ்த்து ஒரே ஒரு சொல்லை மாற்றினார். 'அஸ்திவாரக் கல் அகற்றப்பட்டது.' முதலாளி படித்துப் பார்த்தார். நாட்டியதைப் போடுவதில்லை என்றுதான் வாக்குக் கொடுத்தேன், இது வேறு என்று சொல்லிவிட்டார். அவரிடம் அவ்வளவு வீரம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஊர் சிரித்தது, சர்க்கார் பேசாமல் இருந்தது, தண்ணீர் குளத்திலேயே இருந்தது.

கருப்பையாவுக்கு முன்னந்தலை நரைக்கத் தொடங்கிய பிறகு, கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஓர் இடம் திகைந்தது. பையன் அங்கேயே வந்து இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டோடு மாப்பிள்ளையாக ஒரே மகனை அனுப்ப எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? சிகப்பாயி மறு பேச்சில்லாமல் சம்மதித்தாள். கல்யாணம் முடிந்து அவன் புறப்பட்ட அன்று நானும் சவரிமுத்துவும் வழியனுப்பப் போனோம். கரி பஸ் வழக்கம்போலக் கிளம்பவில்லை. புது வேட்டி அழுக்காகும் என்று மாப்பிள்ளையை மட்டும் உள்ளே உட்காரவைத்துவிட்டு எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தன் மகனை ஊரைவிட்டுக் கொண்டுபோகிற பஸ்ஸைச் சிகப்பாயியும் எங்களோடு சேர்ந்து தள்ளினாள். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு ஓடி மறைந்தது. அது மறைந்த பிறகும் நான் ரஸ்தாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கையில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டே எனக்குத்தான் ஆறுதல் சொன்னாள்: "வாசல்லயே கெணறுங்க. நானே எறச்சுக் குடிச்சுப் பாத்தேன். நல்ல தண்ணி."

புதுக் கல்

பிறகு சமஸ்தானம் போயிற்று. புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தது. புது அதிகாரிகள் வந்தார்கள். பழைய ஆட்சி வண்டிப்பேட்டைச் சந்தைத் தவிக்கவிட்டதை நினைத்து மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார் ஒருவர். கிணறு நிச்சயம் என்றார். துடைத்த கையாலேயே, பழைய கல் இருந்த இடத்தில் ஒரு புதுக் கல்லை நாட்டினார். மெருகேற்றிய வழவழப்பான கல். துணி துவைக்கக்கூட உதவாது.

ஆண்டு நிறைவு வந்தது. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே சவரிமுத்து பலகையிலிருந்து பழைய கட்டை இறக்கித் தூசியை ஊதிக்கொண்டிருந்தார். சிகப்பாயி இடுப்பில் குடத்தோடு வந்தாள். அப்போதும் குளத்துத் தண்ணீர்தான். இந்த வாரம் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டாள். புதுக் கல் நாட்டி ஒரு வருஷம் ஆகிறது, அதைத்தான் என்றேன். குடத்தைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போடுங்கய்யா. அதுக்குக் கீழேயே, தண்ணியில்லாம எம்மவன் ஊரவிட்டுப் போன நாளையும் வருசா வருசம் ஒரு வரி போட்டுருங்க. அதுக்கு யாரும் கல்லு வைக்கல, ஆனா அது ஒண்ணுதான் நடந்து முடிஞ்சுது."

எங்கள் ஊரின் சரித்திரத்தை எழுத ஈய எழுத்து அதிகம் செலவாகவில்லை. நூல்தான் அடிக்கடி இற்றுப்போயிற்று.