அக்கா கொண்டுவந்த குங்குமப்பூ

எங்கள் அக்கா செந்துறைக்குப் பக்கத்தில், கூலிக்குக் களை பறித்த பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். மணமான மூன்றாம் ஆண்டில் கணவரை இழந்தார். பிறகு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அவர் உழைப்பில்தான் நான் அரியலூரில் கல்லூரி முடித்தேன்.

அங்கே சமையல் முழுவதும் அக்காவின் பொறுப்பு. குங்குமப்பூவைக் கையாளும் விதத்தை அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டார். கொதிக்கிற பாலில் போடக் கூடாது. ஒரு கரண்டி வெதுவெதுப்பான பாலில் நாலைந்து இழைகளைக் கால் மணி நேரம் ஊறவிட்டு, பாயசத்தை இறக்கும்போது சேர்க்க வேண்டும். ஈரக் கை படக் கூடாது. இறுக மூடிய டப்பாவில், வெளிச்சம் படாத அலமாரியில் வைக்க வேண்டும். தண்ணீரில் போட்டதும் சாயம் இறங்கி இழை வெளுத்தால் அது போலி.

நான் உண்டாகியிருந்தபோது ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தார். "புள்ள செவப்பா பொறக்கும்னு குடிக்காத. இது வாசத்துக்குத்தான்" என்றார். புகுந்த வீட்டிலோ தினமும் குடிக்கச் சொன்னார்கள். அதிகமானால் கருவுக்கு ஆகாது என்று எங்கோ படித்திருந்தேன். எவ்வளவு குடித்தால் அதிகம் என்று தெரியவில்லை. டாக்டரிடம் கேட்கக் கூச்சம். டப்பாவைப் பிரிக்கவே இல்லை. குடித்ததாகச் சொல்லிவந்தேன்.

மகள் என்னைப் போலவே கருப்பாகப் பிறந்தாள். பெயர் சூட்டும் நாளில் புகுந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் அக்காவிடம், "ஏம்மா, நம்மூரு மக்காச்சோள நாருக்குச் சாயம் போட்டு உன் தலையில கட்டிட்டானுவளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"இருங்க மாமா, தண்ணியில போட்டே காட்டுறேன்" என்று அக்கா உள்ளே வந்தார். நான் பின்னால் ஓடினேன். மேலுறை பிரிக்காத டப்பா அவர் கையில் இருந்தது.

"குடிக்கவே இல்லியாடி?"

"பயமா இருந்துச்சுக்கா. குடிச்சேன்னு சொல்லிட்டேன்."

அக்கா டப்பாவைத் துணிகளுக்கு அடியில் தள்ளினார். "சரி வுடு. நான் அடுத்த வாரம் பிளைட் ஏறிடுவேன். நீ இந்த வூட்லதான் இருக்கணும்."

வெளியே போய், "ஏமாந்துட்டேன் போல மாமா" என்றார். பிறகு இலை போட்டார்கள். நானும் சாப்பிட்டேன். அதன்பின் அக்கா எதைக் கொண்டுவந்தாலும், "ஒரிஜினல்தானே?" என்று கேட்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது.

சென்ற ஆண்டு நுரையீரல் நோயோடு ஊர் திரும்பினார். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் உடனிருந்தேன். "எல்லார்கிட்டயும் சொல்லிடவாக்கா?" என்று கேட்டேன். "இப்ப எதுக்கு? புள்ளைக்குச் சோறு குடுத்தியா?" என்றார். அன்று மாலை காலமானார். எனக்கு இதுவரை அழுகை வரவில்லை. ஏனென்று தெரியவில்லை.

இரவுபகல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஆம்புலன்ஸ் ஓட்டி வந்த தம்பிக்கும், துக்க வீட்டில் அடுப்பு எரியாத மூன்று நாளும் எங்களுக்குச் சோறு கொடுத்த எதிர்வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதை இங்கே எழுதலாமா என்று அச்சகத்தில் கொடுக்கும்வரை யோசித்தேன். பெயர் சூட்டிய அன்று பந்தியில் இருந்த ஒவ்வொருவர் கைக்கும் அக்காவின் இந்த நினைவு மலர் வந்து சேரும். அக்கா ஏமாறவில்லை. நான்தான் குடிக்கவில்லை.