தம்பி விட்டுப்போன துண்டு

என் டிரங்குப் பெட்டியில், பட்டுச் சேலைகளுக்கு அடியில், சிவப்புக்கரை போட்ட துண்டு ஒன்று கிடக்கிறது. எங்களைப் பெற்ற அய்யாவுடையது. என் தம்பி அதை என் வீட்டில் விட்டுப்போய் அறுபது வருசத்துக்கு மேலாகிறது. அவனும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

நான் ஆமத்தூரில் வாழ்க்கைப்பட்ட மறுவருசமே அய்யா போய்விட்டார். திருத்தங்கலில் அம்மாவுக்குத் துணை தம்பிதான். பதினாறு வயசு. பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டப் போனான். ஆள் அகத்திக்குச்சி மாதிரி இருப்பான். அய்யாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு அவன் தேம்பியபோது, "ஆம்பளப்பய அழக்கூடாதுலே" என்று அதட்டியவள் நான். அப்புறம் அவன் அழுது நான் பார்க்கவில்லை. அதையும் அப்போது பெருமையாகத்தான் நினைத்தேன்.

என் மூத்தவனுக்குக் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தணும். அந்தத் தாய்மாமன் மேலுக்குச் சட்டையில்லாமல், புதுவேட்டி கட்டி உட்காரணும். என் கொழுந்தன்மார் கட்டுமஸ்தான ஆட்கள். தம்பியைக் கண்டாலே காற்றடித்தால் பறந்துவிடுவான் என்று கேலி பேசுவார்கள். எனக்குக் கூசும். ரெண்டு வகுப்புப் படித்தவள், எழுத்துக் கூட்டி நானே அவனுக்கு ஒரு கார்டு போட்டேன். என் கையால் எழுதின முதல் கடுதாசி அது. 'சபையில் உக்காரணும். நாலு பேர் சிரிக்கும்படி நோஞ்சானாக வராதே. தின்று உடம்பைத் தேத்திக்கொண்டு வா' என்று எழுதினேன். விசேசத்துக்குப் பதினைந்தே நாள்தான் இருந்தது.

சீர்த்தட்டோடு பஸ்ஸை விட்டு இறங்கினவனைப் பார்த்து அசந்துபோனேன். நெஞ்சு நிறைந்து சட்டை பிடித்துக்கொண்டு நின்றது. கை மட்டும் பழைய குச்சிதான். அதைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் வேர்வை ஊற்றியது. காது குத்த ஆசாரி வந்து உட்கார்ந்தும் அவன் சட்டையைக் கழற்றவில்லை.

"அக்கா, இப்படியே உக்காந்துக்கிடுறேனே" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அவன் கெஞ்சுகிறான் என்று தெரிந்தது. மாமியார் வீட்டுச் சனம் பார்க்கிறதே என்கிற வீறாப்பில் நானே பொத்தானை அவிழ்த்தேன்.

உள்ளே அய்யாவின் துண்டை மடித்து நெஞ்சைச் சுற்றிக் கட்டியிருந்தான்.

"சீரோட தலகாணியும் கொண்டாந்திருக்காக" என்றார் சின்னக் கொழுந்தன். சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதைச் சொல்லத்தான் இம்புட்டும் எழுதினேன்.

சிரித்தவர்களில் அவன் என்னை மட்டும்தான் பார்த்தான். துண்டை அவிழ்த்து, நிதானமாக மடித்துப் பக்கத்தில் வைத்தான். பிள்ளையை வாங்கித் தன் நெஞ்சு தெரியாதபடி அணைத்துக்கொண்டான். ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டது. "அழு மருமகனே, நல்லா அழு" என்று அதன் தலையைத் தடவினான். சாயங்கால பஸ்ஸுக்குப் போகையில் துண்டை எடுத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு தாய்மாமன் செய்யவேண்டிய எதிலும் அவன் குறை வைத்ததில்லை. ஆனால் என் வீட்டில் கழுத்துப் பொத்தான்வரை போட்டுத்தான் இருப்பான். எங்கள் கிணற்றில் ஒருநாளும் குளித்ததில்லை.

போன சித்திரையில் வந்திருந்தான். நரைத்துக் கூன் விழுந்துவிட்டது. கரண்ட் போய்விட்டது. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. இன்றைக்காவது அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று பெட்டியைத் திறந்து துண்டை எடுத்துக்கொண்டு வாசல்படிவரை வந்தேன்.

"சட்டையக் கழத்திட்டுக் காத்தாட உக்காருலே. இங்கன நாம ரெண்டு பேருதான்."

"இருக்கட்டும்க்கா, பழகிப்போச்சு" என்று சிரித்தான்.

உள்ளே திரும்பி, அவன் மடித்த மடிப்புக் கலையாமல் அதைப் பெட்டியில் வைத்தேன். வேர்வை துடைக்க வேறு துண்டு எடுத்துக் கொடுத்தேன்.