கரியாலூர்ப் பக்கம் ஒரு சனிக்கிழமைப் பள்ளிக்கூடம்

போன மாதம் கல்வராயன் மலைக்குப் போனது அருவி பார்க்கத்தான். பார்த்ததோ பள்ளிக்கூடம். கரியாலூர் அருகே அரசுத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கும் என் தோழி கலைச்செல்வி, "சனிக்கிழமை வாடி, துணைக்கு ஆள் வேணும்" என்றாள். எதற்குத் துணை என்று கேட்காமலே கிளம்பிவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் காலை ஆறு மணிக்கு இருவரும் பஸ் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டினால் வளைவுகள் வயிற்றைப் புரட்டும். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும்.

வழியில்தான் விஷயத்தைச் சொன்னாள். சந்தை நாளில் பெற்றோரோடு பிள்ளைகளும் சந்தைக்குக் கிளம்பிவிடுவார்களாம், வகுப்பு காலியாம். பெற்றோர் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு கூடி, சந்தையன்று விடுமுறை, பதிலுக்குச் சனிக்கிழமை பள்ளி என்று முடிவெடுத்திருக்கிறது. மேலிடம் அரை மனதோடு ஒரு மாதம் அனுமதித்திருக்கிறது. இன்றுதான் முதல் சனிக்கிழமை. அதிகாரி பார்வையிட வருகிறார்.

"பிள்ளைங்க வரலன்னா பழையபடிதான். என் மானமும் போயிடும்டி."

போய்ப் பார்த்தால் திருவிழாக் கூட்டம்! கைக்குழந்தைகளிலிருந்து மீசை அரும்பிய பத்தாம் வகுப்புப் பையன்கள் வரை தரையில் சம்மணமிட்டிருந்தார்கள். குழுத் தலைவி சின்னப்பொண்ணு முகத்தில் அப்படியொரு பெருமை.

"வூடு வூடா போய் எல்லாரையும் கூட்டிக்கினு வந்துட்டேங்க டீச்சர். ஆளு கம்மின்னு யாரும் சொல்லக் கூடாதுல்ல?"

அடக் கடவுளே! கலைச்செல்வி தலையில் கைவைத்தாள். அதற்குள் அதிகாரி வந்துவிட்டார்.

"இன்னாங்க, ஜாஸ்தியா இருந்தாலும் தப்பா?" என்று சின்னப்பொண்ணு அவரிடமே கேட்டார்.

வேறு வழியில்லாமல் கலைச்செல்வி வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர்களை வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன் டீச்சர்" வந்தது, கடைசிப் பெயர் வரைக்கும். அதிகாரி சிரித்துவிட்டார். "அடுத்த வாரம் இவங்க மட்டும் வந்தா போதும்மா."

எப்படி எல்லோரையும் வரவைத்தார் என்று சின்னப்பொண்ணுவிடம் கேட்டேன்.

"இத்தினி நாளா பள்ளிக்கூடத்துல சொல்லுவாங்க, நாங்க தலையாட்டுவோம். எந்த நாளு வெச்சிக்கலாம்னு இப்பதாங்க எங்கள கேட்டாங்க."

மலைக்குப் போகிறவர்களே, சந்தையன்று பஸ்ஸில் நிற்கக்கூட இடமிருக்காது, வேறு நாளில் போங்கள். பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கித் தரும் எண்ணமிருந்தால், பிஸ்கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் முதலில் கேளுங்கள். நானும் சின்னப்பொண்ணுவிடம் கேட்டேன்.

"மணி ஒண்ணு வேணுங்க. இப்ப இருக்கறது அந்தாண்ட சரிவுல இருக்கற வூடுங்களுக்கு கேக்கல."

அருவிக்கென்று வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கள்ளக்குறிச்சிப் பாத்திரக்கடைகளில் மணிகளை அடித்து அடித்துப் பார்த்தேன். கடைக்காரர்கள்தான் காதைப் பொத்திக்கொண்டார்கள்.