யூட்சனின் நம்பரில் ஏறிய சனம்

யூட்சனுக்கு அன்று காலை தன்மேலேயே எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. மிட்லண்ட் திருத்தல யாத்திரைக்கு வருகிறவர்களைப் பதிய, கனடாவின் ஸ்காபரோ கோயிலுக்கு அவன்தான் பைத்தன் என்ற கணினி மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். வங்கியில் கொம்பியூட்டர் வேலை செய்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற மிதப்பு. புரோகிராம் சொன்ன கணக்கை நம்பி, "சின்ன பஸ்ஸே காணும் ஃபாதர், பெரிசு தேவையில்லை" என்றும் சொல்லிவிட்டான்.

இப்போது வாசலில் சின்ன பஸ் நிற்கிறது. கார்ப் பார்க்கிங் நிறையச் சனம் நிற்கிறது.

"தம்பி, என்ர பேரை ஏன் கூப்பிடேல்லை?" என்றார் மனைவியின் தாய் மேரி திரேசம்மா. முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து நடந்தால், பஸ்ஸில் எல்லாரோடும் செபமாலை சொல்லிக்கொண்டு வருவதாக நேர்த்தி வைத்தவர். அவரை முதல் ஆளாகப் பதிந்ததே இவன்தான்.

மடிக்கணினியைத் திறந்து, பெயர்களைத் தேடி எடுக்கப் புரோகிராமில் வைத்த சாவிகளை மட்டும் எடுத்துப் பார்த்தான். எல்லாம் போன் நம்பர்கள், ஒரு பிழையும் இல்லை. பிறகு ஒவ்வொரு சாவிக்கும் நேரே பதிந்திருந்த மதிப்புகளை, அதாவது பெயர்களை, எடுத்தான். அவனுடைய நம்பருக்கு நேரே ஒரேயொரு பெயர்: யூட்சன்.

பைத்தனில் டிக்‌ஷனரி என்கிற இந்தப் பட்டியலில் ஒரு சாவிக்கு ஒரு மதிப்புத்தான். அதே சாவியில் இன்னொன்றைப் போட்டால் முந்தினது சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் நம்முடைய சனம் இருக்கிறதே! ஆளுக்கொரு போன் வைத்திருந்தாலும், எங்கே கேட்டாலும் இங்கிலிஷ் கதைக்கிற ஒரு பிள்ளையின் நம்பரைத்தான் கொடுக்கும். தன் நம்பரிலேயே மாமியைப் பதிந்தான், மாமாவைப் பதிந்தான், கடைசியில் தன்னைப் பதிந்து இரண்டு பேரையும் அழித்தான். வீட்டுக்கு வீடு இதே கதை.

"உவர் படிச்ச படிப்பும்..." என்று ஆரோ முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது. மிஞ்சிய சனத்தைக் கார்களில் ஏற்றிவிட்டு, பஸ்ஸில் தன்னுடைய சீட்டை மாமிக்குக் கொடுத்தான். எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

"மாமி, உங்களிட்டயும் போன் இருக்குத்தானே? இனி அந்த நம்பரைக் குடுங்கோ."

மாமி பஸ் படியில் காலை வைத்தபடி திரும்பினார். "அதைக் குடுத்து என்ன தம்பி? எனக்கு ஒண்டெண்டால் உங்களுக்குத்தானே போன் அடிப்பினம்."

அவன் மாமாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு பஸ்ஸின் பின்னால் காரை விட்டான். சிவப்பு லைட்டில் நின்றபோது புரோகிராமுக்கான திருத்தம் தானாக மனதில் வந்தது. சாவியை மாற்றத் தேவையில்லை, அந்த நம்பரே இருக்கட்டும். அதற்கு நேரே ஒரு பெயருக்குப் பதிலாக எல்லாருடைய பெயரும் வரவேண்டும். முதலில் மாமி.