இரண்டு ஊர்க் கணக்கு

கரும்பலகையில் இரண்டு வட்டம் போடுவதில் எனக்கு இருபத்தைந்து வருட அனுபவம். மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். கீழே எவர்சில்வர் சத்தம், சந்தில் ஆட்டோ ஹாரன். இரண்டையும் தாண்டிக் கத்தினால்தான் பிள்ளைகள் காதில் நிகழ்தகவு விழும்.

நான் கொடுக்கும் உதாரணம் எப்போதும் ஒன்றுதான். இந்த அறையில் கன்னடம் பேசுகிறவர்கள் ஒரு வட்டம், தமிழ் பேசுகிறவர்கள் இன்னொரு வட்டம், இரண்டும் பேசுகிறவர்கள் நடுவில். இரண்டு வட்டத்தையும் அப்படியே கூட்டினால் நடுவில் இருப்பவர்களை இரண்டு தடவை எண்ணிவிடுவோம். அதனால் ஒரு தடவை கழிக்க வேண்டும். தலையா பூவா என்று சுண்டும் நாணயம் அப்படியல்ல. தலை விழுந்தால் பூ இல்லை, பூ விழுந்தால் தலை இல்லை. அந்த வட்டங்கள் ஒன்றையொன்று தொடாது. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் என்று தமிழில் அதற்குப் பெயர். முதலில் எந்த ஜாதிக் கணக்கு என்று பாருங்கள், பிறகு கூட்டுங்கள் என்று தொண்டை கிழியச் சொல்வேன். பாராமல் கூட்டுகிறவனை நான் திட்டுகிற திட்டு, கீழே குக்கர் வாங்க வந்தவர்களுக்கும் கேட்கும்.

என் பெண் டாக்டராக ஆசைப்பட்டாள். முதல் தடவை எழுதிய நுழைவுத் தேர்வில் மதிப்பெண் போதவில்லை. ஒரு வருடம் வீட்டிலேயே உட்கார்ந்து படித்து இரண்டாம் தடவை எழுதினாள். கல்யாணம், பண்டிகை எதற்கும் வரவில்லை. மூன்றாம் தடவை என்ற பேச்சே கிடையாது என்று அவளே சொல்லிவிட்டாள். இரண்டாம் தடவை வந்த மதிப்பெண் நல்ல மதிப்பெண். ஆனாலும் விளிம்பில் நிற்கிற மதிப்பெண்.

என் அப்பா ரயில்வே வேலைக்காகச் சேலம் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். நான் பிறந்ததும் மைசூர், என் பெண் பிறந்ததும் மைசூர். பன்னிரண்டு வருடமும் இங்கே படித்தவள் என்பதால் கர்நாடகப் பட்டியலில் அவளுக்கு இடம் கேட்க உரிமை உண்டு. ஆனால் எங்கள் சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டுடையது, அது இங்கே செல்லாது, பொதுப் போட்டிதான். தமிழ்நாட்டுப் பட்டியலில் அந்தச் சான்றிதழ் செல்லும். பூர்வீகம் அங்கேதான் என்று இன்னொரு சான்றிதழும் வேண்டும். அதற்காக அப்பாவின் பழைய காகிதங்களைச் சுமந்துகொண்டு நாலு தடவை பஸ் ஏறினேன். வாங்கியும் விட்டேன்.

சமையலறை மேடையில் உட்கார்ந்து ஒரு பால் ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். இங்கே கிடைக்கப் பத்துக்கு இரண்டு. அங்கே பத்துக்கு நான்கு. ஆக ஆறு. என் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாதிக்கு மேலயே இருக்கு, பின்னே என்ன,” என்றாள்.

“ரெண்டுக்கும் ஒரே மார்க்ஸ் அல்வா அப்பா?” என்றாள் பெண். தமிழில் ‘இல்லையா’ என்று கேட்க வேண்டிய இடத்தில் அவளுக்குக் கன்னட ‘அல்வா’தான் வரும். “இங்க கிடைக்கற அளவு மார்க்ஸ் இருந்தா அங்கயும் கிடைக்கலாம். நடுவுல இருக்கறதக் கழிக்கணுமே.”

என் பெண் என்னைத் திருத்தியதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்றைக் கழித்து ஐந்து என்று எழுதினேன். ஐந்தும் மோசமில்லை. இரண்டு வட்டமும் ஒன்றையொன்று தொடுமா என்று நான் கேட்கவே இல்லை. பிறந்தது முதல் இரண்டு பாஷைக்கும் நடுவில் வாழ்ந்தவன், இரண்டு ஊருக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

இரண்டு விண்ணப்பமும் போட்டோம். தமிழ்நாட்டு விண்ணப்பத்தோடு ஓர் உறுதிமொழித் தாள் இருந்தது. வேறு எந்த மாநிலத்திலும் அந்த மாநிலத்தவர் என்ற உரிமையைக் கோரவில்லை என்று அதில் ஒரு வரி. என் பெண் விரல் வைத்து வாசித்தாள். அந்த வரியில் நின்றாள். அவள் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிற தமிழ். எனக்குப் பொறுமை போய்விட்டது. “அங்கே பூர்வீகம்னு கேக்கறோம், இங்கே படிச்ச பிள்ளைன்னு கேக்கறோம். ரெண்டும் வேற வேற. சும்னே ஒரு ஃபார்மாலிட்டி, சும்மா கையெழுத்தப் போடு,” என்றேன். போட்டாள்.

கர்நாடகப் பட்டியல் அவள் எண்ணுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் எண் எட்டியது. சான்றிதழ் சரிபார்க்கச் சென்னைக்கு வரச் சொன்னார்கள். என் மனைவி பெரிய பெட்டியில் பாதியை அப்போதே அடுக்கி வைத்துவிட்டாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் மரியாதையானவர். தாள்களைப் புரட்டினார், கணினியில் எதையோ தட்டினார், திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கர்நாடகப் பட்டியலில் என் பெண்ணின் பெயர் இருந்தது.

“ரெண்டு பக்கமும் போட்டிருக்கீங்களே சார்.”

“நாங்க ரெண்டு ஊர்க்காரங்கதான் மேடம். வீட்ல தமிழ், வெளில கன்னடம்.”

“ரெண்டு பாஷை பேசலாம் சார். அதை யாரும் கேக்க மாட்டாங்க. ரெண்டு மாநிலத்துப் பிள்ளையா இருக்க முடியாது.”

“அங்கே கிடைக்கலையே மேடம்.”

“கிடைச்சுதா இல்லையாங்கறது இல்ல. கேட்டீங்களா இல்லையாங்கறதுதான். இங்க மட்டும் போட்டிருந்தா இன்னிக்குப் பொண்ணு சீட்டோட போயிருக்கும்.”

கெஞ்சினேன். ஐம்பத்திரண்டு வயதில், வரிசையில் நின்ற மற்றப் பெற்றோர்கள் பார்க்க, கைகூப்பிக் கெஞ்சினேன். அவர் எழுந்து உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டும் வந்தார். உதட்டைப் பிதுக்கினார். அவள் பெயரின் மேல் ஒரு கோடு விழுந்தது. அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். ஒரு பையனும் அவன் அம்மாவும் எங்களைத் தாண்டி நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் பகல் ரயிலில் திரும்பினோம். அவள் ஜன்னலோரம். ஜோலார்பேட்டை வரைக்கும் அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். கடைசியில் நானே, “தப்பு என்னுதும்மா,” என்றேன். “அந்த வரிய உனக்கு நான் நிதானமா வாசிச்சுக் காட்டியிருக்கணும். உனக்குத் தமிழ் ஓடாதுன்னு தெரிஞ்சும் அவசரப்படுத்திட்டேன்.”

அவள் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

“எனக்குப் புரிஞ்சுது அப்பா. புரிஞ்சுதான் நின்னேன்,” என்றாள். “நீங்க கணக்கு வாத்தியார் அல்வா, பார்த்துத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்.”