இரண்டு மாடிகளுக்கு ஒரு டாக்டர்

சக்கர ஸ்டூலைக் கடைசி வரை இறக்கி உட்கார்ந்து, நோயாளியின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் டாக்டர் டெலியா வென்செல் பேச்சையே ஆரம்பிப்பார். சர்க்கரைக்காரர்களின் விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, "தூக்கம் எப்படி? செத்துப்போயிடலாம்னு ஏதாவது தோணுதா?" என்று, உங்கள் பக்கம் மழை உண்டா என்று விசாரிக்கிற குரலில் கேட்பார். முகத்தைப் பார்க்காமல் கேட்பதாலோ என்னவோ, எங்கள் அயோவா விவசாயிகள் பெண்டாட்டியிடம் சொல்லாததைக்கூட அவரிடம் சொல்லிவிடுவார்கள். பதினொரு வருடமாக இந்த கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். இப்படி ஒரு டாக்டரை நான் பார்த்ததில்லை.

குடும்ப மருத்துவம், மனநல மருத்துவம் இரண்டையும் சேர்த்துப் படிக்கிற ஐந்து வருடப் பயிற்சி அவருடையது. இது கடைசி வருடம். அவரோடு கீழ்மாடியில் சேர்ந்த குடும்ப மருத்துவர்கள் மூன்றே வருடத்தில் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மேல்மாடி மனநலக்காரர்கள் போன வருடம் கிளம்பினார்கள். மிச்சம் இவர் ஒருவர்தான். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மாடியிலும் ஒரே நேரத்தில் சாப்பாட்டோடு கூட்டம். பாதி இங்கே, பாதி அங்கே என்று ஓடி, இரண்டு இடத்திலும் சாண்ட்விச் தீர்ந்துபோய், நடுப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருப்பார். கேட்டால், "இங்கதான் காத்து நல்லா வருது" என்பார். அந்தப் படிக்கட்டில் ஜன்னலே கிடையாது.

ஜூன் மாதம், பயிற்சி முடிப்பவர்களின் குழுப்படத்தை இரண்டு மாடிச் சுவரிலும் மாட்டினார்கள். இரண்டிலும் இவர் இல்லை. மேலே எடுத்திருப்பார்கள் என்று கீழேயும், கீழே எடுத்திருப்பார்கள் என்று மேலேயும் இருந்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்குக் கிளம்பிய என் கையைப் பிடித்து அவர்தான் நிறுத்தினார்.

"விடுங்க ஜோலீன், படம் கெடக்கட்டும். லாய்டுக்கு என்ன வழி, அதச் சொல்லுங்க."

லாய்ட் பெக்மன் சோளம் போடுகிறவர், எழுபது வயது. மனைவி இறந்த குளிர்காலத்தில், போய்ச் சேர்ந்துவிடலாம் என்று வேண்டுமென்றே இன்சுலினை நிறுத்தியவர். அதைக் கண்டுபிடித்து அவரை மீட்டது டெலியா. வேறு யாரிடமும் லாய்ட் அதை வாய் திறந்து சொன்னதில்லை. இப்போது டெலியாவுக்கு மொன்டானாவில் ஒரு சின்ன ஊரில் வேலை கிடைத்துவிட்டது. அங்கே இவர் ஒருவர்தான் டாக்டராம். இனி லாய்டுக்கு இரண்டு டாக்டர் வேண்டும்.

"உடம்பு கீழ, மனசு மேலயா? நான் என்ன லிஃப்டா? போதும் டாக்டரம்மா, இனிமே யார்கிட்டயும் வரல" என்று சொல்லிவிட்டார் மனுஷன். சொன்னால் சொன்னதுதான். வராமல் வீட்டோடு இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

டெலியாவின் கடைசி வெள்ளிக்கிழமை, கெஞ்சிக் கூத்தாடி லாய்டை வரவழைத்தார். கீழ்மாடி டாக்டர் ஒருவரையும் மேல்மாடி டாக்டர் ஒருவரையும் அதே அறைக்கு இழுத்து வந்தார். அந்த இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். லாய்ட் தொப்பியைக் கழற்றவில்லை.

"நீங்களே சொல்லிடுங்களேன்" என்றார், டெலியாவிடம்.

"நான் சொன்னா அது என்கூடயே வந்துடும், லாய்ட். நீங்க சொன்னாத்தான் இங்க இருக்கும்."

சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளிருந்து லாய்டின் கட்டைக் குரல் கேட்டது: "ரெண்டு வருசம் முன்னாடி, பிப்ரவரியில..."

டெலியாவின் கை கைப்பிடிக்குப் போனது. உள்ளே போகப்போகிறார் என்று நினைத்தேன். வெளியே நின்றபடியே, சத்தம் வராமல், கதவை இழுத்துச் சாத்தினார்.